கடைசி நிரை யாருக்கு

"நீ யாருன்னே உனக்குத் தெரியாதுன்னு வச்சுக்க" என்று தொடங்கினேன்.

அக்கா கொழுந்து வெட்டுகிற கத்திரியின் வாய்க்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "எனக்குத் தெரியாட்டி என்ன, மேஸ்திரிக்குத் தெரியும். காலைல பேர் கூப்பிடுவாருல்ல" என்றாள்.

"அப்படி இல்லக்கா. நீ கொழுந்து பறிக்கிறவளா, மேஸ்திரியா, தொரையா, கைக்குழந்தக்காரியா, காலு முடியாதவளா, எதுவுமே தெரியாது. ஒரு திரைக்குப் பின்னால உக்காந்திருக்க. அங்க இருந்து எல்லாருக்கும் சேத்து ஒரு சட்டம் போடணும். என்ன போடுவ?"

"திரைக்குப் பின்னால தேத்தண்ணி உண்டா?"

"அக்கா."

"கேட்டுக்கிட்டேன். உக்கார வச்சா குடுக்க வேணாமா?"

அந்தக் கேள்வி நான் கண்டுபிடித்தது இல்லை. அரசியல் தத்துவப் பாடத்தில், நீதி என்றால் என்ன என்ற பகுதியில் வருவது. ஊட்டியில் ஒரு கல்லூரியில் அரசியல் அறிவியல் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். கூடப் படிக்கிற பிள்ளைகளைவிட எனக்கு வயது நன்றாகவே கூட. வகுப்பில் எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒன்பதாம் வகுப்பு முடியாமலே பள்ளிக்கூடத்தை விட்டு நடுவட்டம் பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கப் போனவள் நான். பிறகு தனித்தேர்வு எழுதி, தோற்று, மறுபடி எழுதி, ஒருவழியாகக் கல்லூரிக்குள் வந்தேன். உள்ளே வந்த நாளிலிருந்து யாராவது ஒருநாள் வகுப்புக் கதவைத் திறந்து, "ஏம்மா, உன்னை யாரு உள்ள விட்டது?" என்று கேட்டுவிடுவார்கள் என்று தோன்றிக்கொண்டே இருக்கும். வருகைப் பதிவில் என் பேர் வரும்வரை மூச்சு விடமாட்டேன்.

கடைசிப் பருவத்தில் ஆளுக்கு ஓர் ஆய்வு செய்ய வேண்டும். மற்றவர்கள் தேர்தல், பஞ்சாயத்து, மகளிர் ஒதுக்கீடு என்று கையைத் தூக்கித் தூக்கி எடுத்துக்கொண்டார்கள். நான் கையைத் தூக்கப் பயந்து உட்கார்ந்திருந்ததில், யாரும் தொடாத ஒன்று எனக்கென்று மிஞ்சியது: நீதிக் கோட்பாடுகள்.

படித்தேன் என்று சொல்வதற்கே கூச்சமாக இருக்கிறது. பஸ்ஸில் மடியில் ஜெராக்ஸ் தாள்களை வைத்துக்கொண்டு, போனில் அகராதியைத் திறந்துகொண்டு, ஒவ்வொரு சொல்லாக ஊர்ந்துபோவேன். பைக்காராவில் ஆரம்பித்த வாக்கியம் தலைக்குந்தாவில் முடியும். முடியும்போது தொடக்கம் மறந்திருக்கும். ஆனாலும் மெல்ல மெல்லச் சில விஷயங்கள் பிடிபட்டன. மொத்தப் பேருக்கும் சேர்த்து நன்மை கூடினால் சரி என்று ஒரு கட்சி. அவரவர் நேர்மையாக எடுத்துக்கொண்டது அவரவருக்கு, யாரும் கை வைக்கக் கூடாது என்று ஒரு கட்சி. கடைசியில் நிற்கிறவனுக்கு எது நல்லதோ அதுதான் விதி, அந்தக் கடைசி ஆள் நீயாகவும் இருக்கலாம் என்று யோசித்துப் பார், என்று இன்னொரு கட்சி. இந்த மூன்றாவதைப் படித்தபோது பஸ் ஜன்னலை மூடிவிட்டேன். குளிரினால் இல்லை. யாரோ என் பக்கத்தில் உட்கார்ந்து என்னிடம் பேசியது மாதிரி இருந்தது.

எனக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியை கோயம்புத்தூர்க்காரர். கோபம் வந்தாலும் 'ங்க' விடமாட்டார். "ஏனுங்கம்மா, சுருக்கம் எழுதிட்டு வராதீங்க, அது எங்கிட்டயே இருக்குது. உங்க ஊர்ல எதைப் பங்கு வைக்கறாங்களோ, அதுல இதைப் போட்டுப் பாருங்க. உங்களுக்குத் தெரிஞ்ச இடமா இருக்கட்டும்" என்றார்.

எனக்குத் தெரிந்த இடம் ஒன்றுதான். அங்கே பங்கு வைப்பது நிரையை.

சரிவில் தேயிலை வரிவரியாக இறங்கும். ஒரு நிரைக்கு ஒரு ஆள். மேல் நிரை ரோட்டை ஒட்டியது. நடக்க லேசு, மூட்டையைத் தூக்கிக்கொண்டு எடை போடுகிற இடத்துக்கு வர லேசு. கீழே போகப் போகச் சரிவு கூடும். கடைசி நிரைக்கு அந்தப் பக்கம் சோலை. பள்ளத்தில் பகலிலும் இருட்டாக அடைந்து கிடக்கும் காடு. அதிலிருந்து கரடி வரும், சிறுத்தை வரும் என்பார்கள். அதிகம் வருவது காட்டுமாடு. மேய்ந்துகொண்டே செடிக்குள் ஏறி வந்து நிற்கும். தூரத்தில் நின்றால் பயமில்லை. பக்கத்தில் எதிர்பாராமல் ஆளைப் பார்த்தால் மிரண்டு முட்டிவிடும்.

எங்கள் செட்டில் வழக்கம் இது: முதலில் வந்தவளுக்கு ரோட்டோர நிரை, கடைசியில் வந்தவளுக்குச் சோலையோர நிரை. மேஸ்திரி ரோட்டில் நின்றபடி வரவரக் கையைக் காட்டுவார். யாரும் கேள்வி கேட்டதில்லை.

அக்காவும் கேட்டதில்லை, போன மழைக்காலம் வரை. அன்றைக்கு அவள் தாமதமாகப் போய்க் கடைசி நிரையில் நின்றாள். அவளுக்கு மேல் நிரையில் கூடலூர்ப் பக்கமிருந்து கல்யாணமாகி வந்த ஒருத்தி. கூடலூர் அக்கா என்போம். சோலைக்குள்ளிருந்து ஒற்றை மாடு ஏறி வந்தது. அக்கா பார்க்கவில்லை. பார்த்தபோது அது கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றது. முட்டவில்லை. தலையை ஒரு உதறு உதறியதில் அக்கா உருண்டுபோய் ஓடைக்குள் விழுந்தாள். தோள்பட்டை இறங்கிவிட்டது. "அவ பாத்துக்கிட்டே நின்னா. வாயைத் திறக்கல" என்று ஆஸ்பத்திரியில் படுத்தபடி அக்கா சொன்னாள். "நான் தொண்டை கிழியக் கத்தினேன், அவளுக்குக் கேக்கல" என்று கூடலூர் அக்கா எஸ்டேட் குடியிருப்பு லைன் முழுக்கச் சொன்னாள். எது உண்மை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மழை பெய்துகொண்டிருந்தது, அது மட்டும் தெரியும். அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. தண்ணீர்க் குழாயில் ஒருத்தி குடம் வைத்தால் மற்றவள் திரும்பிப் போய்விடுவாள்.

தோள் சரியாகி வேலைக்குத் திரும்பியதும் அக்கா எல்லாருக்கும் முன்னால் போய் ரோட்டில் நிற்க ஆரம்பித்தாள். இருட்டோடு எழுந்து, சோற்றைக் கட்டி, ஓட்டமும் நடையுமாகப் போவாள். அவள் கணவர் இறந்து வருஷமாகிறது. அவள் வேலையில்தான் எங்கள் வீடு ஓடியது, என் படிப்பும் அதில்தான். கடைசி நிரை வந்தால் இறங்கமாட்டேன் என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். இறங்கவில்லை என்றால் அன்றைக்குப் பேர் கிடையாது, கூலியும் கிடையாது. நாலு தடவை அப்படி ஆனால் மேஸ்திரி வேறு ஆளைப் போட்டுவிடுவார். ஆகவே முதலில் போவது ஒன்றுதான் அவளுக்கு இருந்த காப்பு.

அதைத்தான் நான் என் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டேன். அப்போது எனக்கு அது அப்படித் தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை. லீவு நாட்களில் நானும் டெம்பரவரியாகப் பறிக்கப் போவேன். பத்து மணித் தேநீருக்கு எல்லாரும் ரோட்டோரம் உட்கார்ந்தபோது அந்தத் திரைக் கேள்வியைப் போட்டேன். 

"நான் யாருன்னு தெரியாட்டி நல்லதுதான். என் மாமியாருக்கும் தெரியாம இருக்குமில்ல" என்றாள் ஒருத்தி. சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

"சரி, நீங்க எந்த லைன்ல குடியிருக்கீங்கன்னு தெரியாது. பக்கத்து லைனா, மலைக்கு அந்தப் பக்கமா, பச்சப்புள்ள இருக்கா, ஒண்ணும் தெரியாது. இப்பச் சொல்லுங்க, முதல்ல வந்தவங்களுக்கு மேல் நெரைங்கிற சட்டத்தை ஒத்துக்குவீங்களா?"

சிரிப்பு நின்றது. மலைக்கு அந்தப் பக்கத்து லைனில் இருந்து வருகிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் என்ன ஓடி வந்தாலும் கடைசிதான். கூடலூர் அக்கா அந்த லைன். மாதக்கணக்காகக் கடைசி நிரையோ அதற்கு மேல் நிரையோதான் அவளுக்கு.

"எந்தா மோளே, இது எழுதிப் பாஸாகிறதுக்கு மட்டுமா? இல்ல இங்க நடக்குமா?" என்று என்னைக் கேட்டாள். பிறகு என்னை விட்டுவிட்டு, எதிரே இருந்த சில்வர் ஓக் மரத்திடம் சொன்னாள்: "சிலர் வீட்டுல நியாயம் படிக்கிறாங்க. சிலர் வீட்டுலதான் மேல் நெரையும்."

அக்கா மிச்சத் தேநீரைக் கீழே ஊற்றிவிட்டு எழுந்தாள். "யாரும் யாருக்கும் பிச்சை போடல. முன்னாடி வந்து நிக்கிறேன், எடுக்கிறேன்" என்று அவளும் மரத்திடமே சொன்னாள்.

மேஸ்திரி கேட்டுக்கொண்டிருந்தார். அவர் அன்னூர்ப் பக்கத்து ஆள். காலையில் நிரைச் சண்டை தீர்ப்பதே பாதி வேலை. "ஏனுங்க அம்மிணி, அப்பறம் எப்படித்தான் பிரிக்கறதுங்கறீங்க? சொல்லுங்க, எனக்கொரு தலவலி போகுது."

நான் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் கேட்டால் பதில் தெரியும் என்ற நிலை எனக்கு வாழ்க்கையில் அதிகம் வாய்த்ததில்லை. "காம்பு இழுக்கலாம்" என்றேன். தேயிலைக் காம்புகளை நீளமும் குட்டையுமாக ஒடித்து ஒருவர் கைக்குள் பிடித்துக்கொள்வது. ஆளுக்கொன்று இழுப்பது. ஆக நீளமானது ரோட்டோரம், ஆகக் குட்டை சோலையோரம். யாருக்கு எது என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. பிடிக்கிறவருக்குக் கடைசியில் மிஞ்சுவது.

திங்களிலிருந்து இழுப்பது என்று முடிவாகிவிட்டது. அக்கா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் நின்றுபோயிருக்கும். கூடலூர் அக்காவின் முன்னால் அவள் பேசமாட்டாள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கேட்டாள். "உனக்குப் பாஸாகணும். சரி. எனக்குக் குட்டைக் காம்பு வந்தா?"

"எல்லா நாளும் வராதுக்கா. எப்பவாவதுதான் வரும்."

"போன தடவையும் எப்பவாவதுதான் வந்துச்சு."

"வேண்டாம்னு நான் போய்ச் சொல்லட்டுமா?" என்றேன்.

"போய்ச் சொல்லு, அவ சிரிக்கட்டும்" என்று விளக்கை அணைத்தாள்.

அந்த வாரம் முழுக்கக் கல்லூரியில் இருந்த நேரமெல்லாம் நான் அங்கே இல்லை. பேராசிரியை ஏதோ கேட்பார், எனக்குக் காம்புதான் தெரியும். சாயங்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் லைன் பக்கம் பார்ப்பேன். வாசலில் ஆள்கூட்டம் இருக்கிறதா என்று. இருக்காது. அக்கா அடுப்படியில் இருப்பாள். "நடு நெரை." மறுநாள், "மேலருந்து மூணாவது." அவளுக்கு நல்ல காம்பாகவே வந்துகொண்டிருந்தது. ஒருநாள் கூடலூர் அக்காவுக்கு ரோட்டோர நிரை வந்து, போகிற பஸ்ஸுக்கெல்லாம் கையாட்டினாளாம். அக்காவே அதைச் சொன்னாள், கொஞ்சம் சிரித்தமாதிரி இருந்தது. எனக்குத் தைரியம் வந்தது. கடைசியில் நிற்பவர்களின் நிலை மேம்பட்டிருக்கிறது என்று எழுதிப் பேராசிரியையிடம் காட்டினேன். "பரவால்லீங்கம்மா, நல்லா வருது" என்றார். அன்றைக்குப் பைக்காரா தாண்டும்வரை பஸ்ஸில் தூங்கினேன். நான் பஸ்ஸில் தூங்குகிற ஆள் இல்லை.

அடுத்த சனிக்கிழமை நானும் போனேன். தேயிலைக் காட்டுக்குள் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. மேஸ்திரி காம்புகளை என்னிடம் நீட்டினார். "நீங்கதானுங்க ஆரம்பிச்சீங்க. நீங்களே புடிங்க."

விரல்களை இறுக்கி மூடினேன். எந்தக் காம்பு எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாதபடி கண்ணை மூடி அடுக்கியிருந்தேன். ஒவ்வொருத்தியாக இழுத்தார்கள். கூடலூர் அக்கா இழுத்தாள், குட்டை. அதைப் பார்த்து உதட்டைச் சுழித்துவிட்டு ஒதுங்கினாள். பிறகு அக்கா. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள். இழுத்தது அவள் விரலுக்குள்ளேயே மறைந்துவிடுகிற அளவு சின்னதாக இருந்தது.

கூடலூர் அக்காவின் காம்போடு வைத்துப் பார்த்தார் மேஸ்திரி. அக்காவினுடையதுதான் குட்டை. அக்கா கடைசி நிரை. அவளுக்கு மேல் நிரை கூடலூர் அக்கா. போன மழைக்காலத்தில் நின்ற அதே வரிசை.

என் கைக்குள் மிஞ்சியிருந்த காம்பைத் திறந்து பார்த்தேன். ஆக நீளமானது.

"அக்கா, நீ மேல நில்லு. நான் கீழ போறேன்" என்றேன்.

"அது எப்படி?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "நேத்து எனக்கு வந்தப்ப யாரும் மாத்தலையே."

அது நியாயம்தான். நான் எழுதியிருந்த நியாயம். மேஸ்திரி என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா இறங்கமாட்டாள் என்று நான் நினைத்தேன். ரோட்டிலேயே உட்கார்ந்துவிடுவாள், அவள் பேர் போய்விடும் என்று. கூடலூர் அக்கா ஏற்கெனவே இறங்க ஆரம்பித்திருந்தாள். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே அக்கா இடுப்பில், துணி நனையாமலிருக்கக் கட்டும் படங்குச் சாக்கை இறுக்கினாள். "மாத்தாதே" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கத்திரியை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

கொஞ்ச நேரத்தில் மேகம் மூடிவிட்டது. எனக்குக் கீழே இரண்டு நிரைதான் தெரிந்தது. அதற்குக் கீழே வெறும் வெள்ளை.

நான் வெட்டினேன். கத்திரிச் சத்தம். சடக், சடக். கீழேயிருந்தும் அதே சத்தம், முன்னும் பின்னுமாக. அதைக் கேட்டுக்கொண்டே போனபோது என்னவோ இல்லை என்று தோன்றியது. என்ன என்று உடனே பிடிபடவில்லை. பிடிபட்டபோது கை நின்றுவிட்டது.

யாரும் பேசவில்லை.

வழக்கமாக எங்கள் நிரைகளில் வாய் மூடாது. மாமியார், சீரியல், சீட்டுப் பிடித்தவள் ஓடிப்போனது, யாருக்கு யார் மேல் கண் என்று ஒருத்தி விட்ட இடத்தில் மற்றவள் தொடுவாள். மனுசச் சத்தம் கேட்டால் காட்டுமாடு விலகிவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதற்காகப் பேசுகிறோம் என்று யாரும் நினைத்ததில்லை. ஒரே லைனிலிருந்து சேர்ந்து நடந்து வருகிறவர்கள் அடுத்தடுத்த நிரை எடுப்பார்கள். சேர்ந்து வந்தவர்களுக்குப் பேச்சு இருக்கும். அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. காம்பு அந்த ஜோடிகளைக் கலைத்துவிட்டது. இப்போது பக்கத்து நிரையில் நின்றது யாரோ. மேஸ்திரிக்கோ, பேராசிரியைக்கோ, எனக்கோ, அந்த நிரைகளில் நின்ற யாருக்குமே இது தோன்றவில்லை. வார நாட்களில் மேகம் இறங்கவில்லை. பேச்சு குறைந்ததை யாரும் கவனிக்கவில்லை.

கீழே, கடைசியில், ஊரிலேயே ஒருத்தியோடு ஒருத்தி பேசாத இரண்டு பேர்.

"அக்கா!" என்று கத்தினேன். மேகம் குரலைத் தின்றுவிட்டது. பதில் இல்லை. மறுபடி கத்தினேன். "என்னடி, உன் நெரையைப் பாரு" என்று நடுவிலிருந்து யாரோ அதட்டினார்கள்.

சோலைப் பக்கம் கிளை முறிந்தது. சின்னக் கிளை இல்லை. கீழே கத்திரிகள் ஒவ்வொன்றாக நின்றன. ஒன்று மட்டும் வெட்டிக்கொண்டே இருந்தது, ஆகக் கீழே. அக்காவுக்குத் தன் கத்திரிச் சத்தத்தில் கேட்டிருக்காது. நான் கத்திரியைப் போட்டுவிட்டுச் செடிகளுக்குள் இறங்கினேன். தேயிலைச் செடியைக் குறுக்கே தாண்ட முடியாது, இடுப்பைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு நிரை தாண்டுவதற்குள் பாவாடை கிழிந்து, காலில் எங்கோ ரத்தம். இனி என்னென்ன நடக்கும் என்பது முழுதாக எனக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரி, வாசலில் ஆள்கூட்டம், நான் எழுதிய தாள்கள், எல்லாம்.

அப்போது கீழேயிருந்து ஒரு குரல் எழுந்தது. கூடலூர் அக்கா. யாரிடமும் இல்லாமல், மேகத்திடம்:

"சிலருக்குக் காது இருக்கு, கேக்காது! அன்னைக்கும் கேக்கல, இன்னைக்கும் கேக்கல! கத்துனவளுக்குக் கெட்ட பேரு!"

கத்திரி நின்றது.

"கத்துனாங்களாம்!" அக்காவின் குரல், இன்னும் கீழே. "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சுக் கத்துனாங்க? ஓடையில விழுந்து கெடந்தவளைத் தூக்க யாரு வந்தா?"

"நான்தான் வந்தேன்! கண்ணை மூடிக் கெடந்தா யாருன்னு எப்படித் தெரியும்? பொடவையெல்லாம் சேறு. அந்தப் பொடவை இன்னும் இருக்கு, வேணும்னா வந்து பாக்கட்டும்!"

"வந்து பாக்கறதுக்குக் குழாயடியில மூஞ்சியத் திருப்பாம இருந்தாப் போதும்!"

"யாரு திருப்பினா? ஆரு முதல்ல—"

பெரிதாக ஒரு மூச்சு கேட்டது. மனுச மூச்சு இல்லை. ஈரமும் சாணமும் கலந்த நாற்றம் மேலே வரை ஏறியது. எல்லாரும் அப்படியே நின்றோம். பிறகு கூடலூர் அக்கா மேகத்திடம் பேசுவதை விட்டுவிட்டு, பேர் சொல்லி அக்காவைக் கூப்பிட்டாள். அந்தப் பேரை அவள் வாயிலிருந்து கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது.

"இடது பக்கம் நிக்குது! ஓடாதே! என் சத்தத்தைப் பாத்து மேல வா! இப்பக் கேக்குதா?"

"கேக்குது!"

"கேக்குதா?"

"கேக்குது, கேக்குது!"

"பேசிக்கிட்டே வா! திட்டு! என்னத் திட்டு!"

அக்கா திட்டினாள். அவள் வாயில் அப்படிப்பட்ட வார்த்தைகள் இருக்கின்றன என்று எனக்கே அன்றுதான் தெரியும். மேலே நின்ற நாங்களும் என்னவென்று தெரியாமல் கத்த ஆரம்பித்தோம். ஒருத்தி கத்திரியை இன்னொரு கத்திரியில் தட்டினாள். கறுப்பாக ஒரு மதில் எனக்குக் கீழே செடிகளை நெரித்துக்கொண்டு நகர்ந்து போனதைப் பார்த்தேன். தலையைப் பார்க்கவில்லை, முதுகை மட்டும், அதுவும் ஒரு நொடி. மறுபடி கிளை முறிந்தது. சோலைக்குள் தூரமாக.

மேகத்திலிருந்து முதலில் கூடலூர் அக்கா வந்தாள். அவள் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். ரோட்டுக்கு வந்ததும் இருவரும் கையை விட்டுவிட்டு வேறு வேறு பக்கம் உட்கார்ந்தார்கள். அக்காவுக்குத் தண்ணீர் கொடுத்தேன், பாதி கழுத்தில் போயிற்று. "அக்கா" என்றேன். "இப்ப ஒண்ணும் பேசாதே" என்றாள். 

மேஸ்திரிக்கு முகம் வெளுத்திருந்தது. "இதெல்லாம் வேண்டாமுங்க. திங்களிலருந்து பழையபடி. மொதல்ல வந்தவங்க மொதல்ல."

பிறகு கூடலூர் அக்கா சொன்னாள், இந்தத் தடவை மரத்திடம் இல்லை: "பழையபடின்னா நாங்கதான் கடைசி. அது தெரிஞ்சுதானே சொல்றீங்க?"

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். பழையபடி என்றால் அவளுக்கு ரோட்டோர நிரை. இருட்டோடு எழுந்து ஓடினால் போதும், அந்தச் சோலைப் பக்கம் இனி வாழ்நாளில் போக வேண்டாம். அவள் ஆமாம் என்று ஒரு தலையசைப்பு அசைத்தால் முடிந்தது. அசைத்துவிடு என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். என் ஆய்வு நாசமாகப் போகட்டும்.

அக்கா கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "காம்பே இழுக்கலாம்" என்றாள். "ஆனா ரெண்டு பேருக்கு ஒரு காம்பு. ஜோடியைப் பிரிக்கக் கூடாது. பேசிக்கிட்டுப் போற ஆளு பக்கத்து நெரையில இருக்கணும்."

"உனக்கு ஆரு ஜோடி?" என்றாள் ஒருத்தி.

"யாரு சத்தமாத் திட்டுவாங்களோ அவங்க."

கூடலூர் அக்கா அவளைப் பார்க்காமலே, "எனக்குத் தொண்டை வலிக்குது. சுக்குக் காப்பி வச்சுக் குடுத்தா யோசிக்கிறேன்" என்றாள். அதற்கு அத்தனை பேரும் சிரித்தது சந்தோஷத்தினால் என்று சொல்லமாட்டேன். பாதிப் பேர் அழுதுகொண்டும் இருந்தார்கள்.

பேராசிரியையிடம் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு முதல் தாளுக்குத் திரும்பினார். "திரைக்குப் பின்னால ஒவ்வொருத்தரையும் தனித்தனியா உக்கார வச்சுட்டோமுங்களே" என்று கடைசியில் சொன்னார். "அதை இன்னும் கொஞ்சம் விரிச்சு எழுதுங்க." எழுதினேன். வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்தவர், "உங்க அக்காவுக்கு அந்த நிரை வந்திருந்தா இந்த விதியை ஒத்துக்குவீங்களா?" என்று கேட்டார். வந்தது சார், என்றேன். பாஸ் போட்டுவிட்டார்கள்.

பயம் போகவில்லை. இரண்டு பேராக நின்றாலும் மாடு மாடுதான். இப்போதும் காம்பு இழுக்கிற நேரத்துக்கு நான் ஊட்டி பஸ்ஸில் இருப்பேன், வேலை தேடி. ஒருநாள் தாங்காமல் போன் போட்டேன். ரொம்ப நேரம் அடித்த பிறகு எடுத்தாள். 

"எந்த நெரைக்கா?"

"கடைசி."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ஜாக்கிரதை என்றோ, மேகம் இருக்கிறதா என்றோ.

"போனை வை" என்றாள் அக்கா. "நாங்க பேசிக்கிட்டிருக்கோம்."